சிம்பிள்லாகின்: கடைக்கு ஒரு முகவரி சரி, வங்கிக்கு?

இணையக் கடை, கட்டண ஆப், செய்திமடல் என்று எல்லாவற்றுக்கும் ஒரே மெயில் முகவரியைக் கொடுப்பவரை அடையாளம் காணப் பெயர்கூடத் தேவையில்லை. கடைகள் தங்கள் வாடிக்கையாளர்களின் முகவரிகளை எஸ்எச்ஏ-256 என்ற கணித முறையில் ஹாஷாக, அதாவது ஒரே முகவரிக்கு எப்போதும் ஒரே மாதிரி வரும் குறியீடாக மாற்றி விளம்பரத் தளங்களில் ஏற்றுகின்றன. அங்கே அதே முகவரியில் உங்களுக்குக் கணக்கு இருந்தால் இரண்டு ஹாஷும் ஒன்றாகவே இருக்கும். எந்தக் கடையில் வாங்கியவர் யார் என்பது பொருந்திவிடும். ஜிமெயில் பெயருக்குப் பின்னால் கூட்டல் குறி போட்டுக் கடைப் பெயரைச் சேர்க்கும் பழைய தந்திரம் இங்கே எடுபடாது. குறியோடு சேர்த்து வெட்டிவிட்டால் அசல் முகவரி கையில்.

சிம்பிள்லாகின் என்ற மாற்று முகவரிச் சேவை அடைப்பது இந்த ஓட்டையைத்தான். கேட்பவருக்கெல்லாம் தனித்தனி மாற்று முகவரி கொடுக்கலாம். அதற்கு வரும் மெயில் உங்கள் உண்மையான பெட்டிக்கு வந்து சேரும். 2022-ல் புரோட்டான் மெயிலை நடத்தும் புரோட்டான் நிறுவனத்தோடு சேர்ந்தது. நிரல் திறந்த மூலம், யாரும் பார்க்கலாம். இலவசக் கணக்கில் 10 மாற்று முகவரிகள், கட்டணக் கணக்கில் எண்ணிக்கை வரம்பில்லை. 10 போதாது என்பதை முதல் வாரத்திலேயே உணர்வீர்கள்.

மறைவைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. ‘உங்கள் கணக்கு முடக்கப்பட்டது, உடனே சரிபார்க்கவும்’ என்று வங்கியின் பெயரில் ஒரு மெயில் வருகிறது. எந்த முகவரிக்கு வந்தது என்று பார்த்தால், செருப்பு வாங்கியபோது கொடுத்த முகவரி. இணைப்பைத் தொட்டுப் பார்க்கவே வேண்டாம், மோசடி. யாரிடமிருந்து கசிந்தது என்பதும் தெரிந்துவிட்டது. அந்த முகவரியின் பொத்தானை அணைத்தால் விஷயம் முடிந்தது. முகவரியை அழிக்க வேண்டாம், அணைத்தால் போதும். பழைய ரசீதோ பணம் திரும்பும் அறிவிப்போ வர வேண்டியிருந்தால் மறுபடி திறந்துகொள்ளலாம்.

வாங்கிப் படிக்கும்வரை எல்லாம் சுகம். பதில் அனுப்பும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கடையிலிருந்து வரும் மெயிலில் அனுப்புநர் இடத்தில் கடைப் பெயர் தெரிந்தாலும், உள்ளே இருப்பது சிம்பிள்லாகின் உருவாக்கிய இடைமுகவரி. ‘பதில்’ அழுத்தினால் அதன் வழியாகப் போய், உங்கள் மாற்று முகவரியிலிருந்து வந்ததாகக் கடைக்குச் சேரும். ஆனால் மெயிலின் அடியில் தானாக ஒட்டிக்கொள்ளும் கையொப்பத்தில் முழுப்பெயரும் போன் எண்ணும் இருந்தால் அதுவும் கூடவே போகும். சிசி-யில் வேறொருவரின் நேரடி முகவரியைச் சேர்த்தால், அவருக்கு மெயில் உங்கள் உண்மையான பெட்டியிலிருந்தே போகும். முதல் மெயிலை நீங்களே அனுப்புவதானால், அந்த மாற்று முகவரிக்குள் போய் ‘தொடர்பு’ சேர்த்து, கிடைக்கும் இடைமுகவரியைத்தான் பெறுநர் இடத்தில் போட வேண்டும். அவசரத்தில் கடையின் முகவரியையே தட்டிவிட்டால் செய்த மறைவெல்லாம் வீண். பதிவு செய்யாத வேறொரு பெட்டியிலிருந்து பதில் அனுப்பினால் மறுத்துவிடுகிறது. அது குறையல்ல, காவல்.

இனி வங்கி. சிம்பிள்லாகினின் பொது டொமைன்களில் (டொமைன் என்பது முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பகுதி) உருவாக்கிய முகவரியை வங்கிக்குக் கொடுப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஓடிபி வரும் பாதையில் இடையே ஒரு சேவை கூடுகிறது. அது தாமதித்தால் பணம் அனுப்பும் திரை காலாவதியாகிவிடும். மாற்று முகவரி டொமைன்களைப் பட்டியலிட்டு ஏற்க மறுக்கும் தளங்களும் உண்டு. சொந்த டொமைனைக் கட்டணக் கணக்கில் இணைத்தால் நிலைமை மேல்: சேவை பிடிக்காவிட்டால் டொமைனுக்கு வரும் மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை மாற்றி, அதே முகவரியோடு வேறிடம் போய்விடலாம். ஆனால் அந்த டொமைனில் உள்ள எல்லா முகவரியும் ஒரே ஆளுடையது என்று பார்த்ததும் தெரியும். அதனால் அதை வங்கி, வரி போன்றவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டொமைன் வாங்க மனமில்லையா? வேறெங்கும் கொடுக்காத தனி மெயில் பெட்டி ஒன்றைத் திறந்தாலே வங்கிக்குப் போதும்.

இன்னொன்று, கடந்து போகும் மெயிலைச் சேவையகம் படிக்க முடியும். கட்டணக் கணக்கில் பிஜிபி என்ற மறையாக்க முறையில் மெயிலைப் பூட்ட உதவும் உங்கள் பொதுச் சாவியை ஏற்றினால், பெட்டிக்கு அனுப்புமுன் பூட்டி அனுப்பும். ஜிமெயிலுக்குத் திருப்பிவிடுபவர்களுக்கு இது உதவும். ஆனால் அதைத் திறக்கும் வசதி உங்கள் மெயில் ஆப்பில் இருக்க வேண்டும்.

பொருளை வீட்டுக்கு வரவழைக்கும்போது கார்டு எண், போன் எண், வீட்டு விலாசம் மூன்றும் கடைக்குப் போகத்தான் செய்யும். இந்தச் சேவைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. உங்கள் வங்கி, அசல் கார்டு எண்ணுக்குப் பதில் கொடுக்கக்கூடிய மெய்நிகர் கார்டு தந்தால் அதையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். நீங்கள் மெயிலைத் திறந்ததை அனுப்பியவருக்குக் காட்டிக்கொடுக்கும்படி உள்ளே ஒளிந்திருக்கும் கண்காணிப்புப் படங்களுக்கு, மெயில் ஆப்பில் தொலைவுப் படங்கள் தானாகத் திறப்பதை அணையுங்கள். டக்டக்கோ தேடுபொறி நிறுவனத்தின் மெயில் பாதுகாப்புச் சேவை அவற்றை வழியிலேயே அகற்றுகிறது, அதுவும் இலவசமாக. அதை மட்டும் எதிர்பார்ப்பவர்களுக்கு அதுவே போதும்.

சிம்பிள்லாகின் கணக்கு திறந்த அன்றே இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, முகவரிப் பட்டியலை சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாக இறக்கி வையுங்கள். உங்கள் மெயில் பெட்டியின் மீட்பு முகவரியாக அந்தப் பெட்டிக்கே வந்து சேரும் மாற்று முகவரியைக் கொடுத்துவிடாதீர்கள். கடவுச்சொல் மறந்த அன்று, மீட்பு மெயில் பூட்டிய பெட்டிக்குள்ளேயே போய் விழும்.