பழைய பத்திரிகையா, வாய்மொழியா, சுவடியா? வரலாற்றுச் செயற்றிட்டத்துக்கு எதை எடுப்பது

முதனிலை மூலாதாரங்களை, அதாவது அந்தக் காலத்திலேயே எழுதப்பட்டவற்றையும் நேரில் கண்டவர் சொல்வதையும் வைத்து ஒரு வரலாற்றுச் செயற்றிட்டம் செய்ய வேண்டும் என்றால் கொழும்பில் படிக்கும் மாணவருக்கு நான்கு வழிகள் உண்டு. கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போகலாம். பழைய நாளிதழ்களைப் புரட்டலாம். வீட்டிலும் அயலிலும் உள்ள பெரியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யலாம். தன் பாடசாலையின் பழைய இடாப்புகளைப் பார்க்கலாம். மாணவர் குழுக்களுக்கு வழிகாட்டும்போது நாங்கள் தேர்ந்தது நாளிதழ்களை. ஒரே சம்பவம், இரண்டு வாரத்துக்கு மேற்படாத காலம், வெவ்வேறு உடைமையாளர்களின் மூன்று பத்திரிகைகள்: இதுதான் அளவு. வாய்மொழி அதற்கு அடுத்தபடி. மற்ற இரண்டும் தலைப்பைப் பொறுத்தவை.

செலவு, தூரம், மொழி என்பவற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நான்கு வழியிலும் பெரிய செலவு கிடையாது, கொழும்பில் எல்லாமே பஸ் தூரத்தில்தான். ஆங்கிலம் சிரமமானவருக்குத் தமிழ் நாளிதழும் வாய்மொழியும் எளிது என்பது எல்லோருக்கும் தெரியும்.

முடிவைத் தீர்மானிக்க வேண்டிய கேள்வி வேறு. முதல் வாசிப்பு முடிந்து ஒரு மாதம் கழித்து, அதே மூலாதாரத்திடம் திரும்பிப் போக முடியுமா?

இதை ஏன் இவ்வளவு அழுத்துகிறோம் என்றால், மாணவரின் கேள்வி வேலை தொடங்கியபின்தான் உருப்பெறுகிறது. "1953 ஹர்த்தால்" (நாடளாவிய வேலைநிறுத்தமும் கடையடைப்பும்) என்று தலைப்பெழுதித் தொடங்கும் குழுவுக்கு முதல் நாளில் எதைக் குறிப்பெடுப்பது என்று தெரியாது. கிடைத்ததையெல்லாம் எழுதிக்கொண்டு வருவார்கள். நான்காம் வாரத்தில், "பொலிஸார் சொன்னதை மட்டும் போட்டிருக்கிறார்களா, வேலைநிறுத்தம் செய்தவர்களின் வாய்மொழியும் இருக்கிறதா?" என்ற நல்ல கேள்வி பிறக்கும். அப்போது முதல் குறிப்பில் அதற்குப் பதில் இருக்காது. மறுபடி போனால்தான் அந்தக் கேள்வி பிழைக்கும், போக முடியாவிட்டால் நினைவிலிருந்து எழுதுவார்கள். செயற்றிட்டங்கள் பெரும்பாலும் பழுதாவது இந்த இடத்தில்தான். ஆதாரம் கிடைக்காமல் போவதைவிட, கிடைத்த ஆதாரத்தை இரண்டாம் முறை பார்க்காமல் விடுவதுதான் பெரிய கேடு.

நாளிதழ் இதற்கு நன்றாக ஈடுகொடுக்கிறது. அது திகதிப்படி கட்டி வைக்கப்பட்டது. இரண்டாம் முறை போகும்போது எந்தத் திகதி, எந்தப் பக்கம் என்று கையில் இருந்தால் அதே பத்தியை மீண்டும் கண்டுபிடிப்பது நேரடியான வேலை. ஒரு மாணவர் போக முடியாவிட்டாலும் இன்னொருவர் போய்ப் பார்க்கலாம், ஆசிரியரும் சரிபார்க்கலாம்.

ஹர்த்தாலையே எடுத்துக்கொள்வோம். 1953 ஜூலையில் அரசு அரிசி மானியத்தை வெட்டியது. ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானது. ஓகஸ்ட் 12, புதன்கிழமை, இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பில் நாடு முடங்கியது. அவசரகால நிலை பிரகடனமானது. துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பல் நியூபவுண்ட்லாந்தில் அமைச்சரவை கூடியது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். இதில் "ஹர்த்தாலின் காரணமும் விளைவும்" என்ற தலைப்பு பாடநூலைத் திருப்பி எழுதுவதில்தான் போய் முடியும். "ஓகஸ்ட் 12ஐ அடுத்த மூன்று நாட்களில் கொழும்பு நாளிதழ்கள் எவ்வாறு எழுதின, வேறுபாடு எதனால்?" என்று கேட்டால் செய்து முடிக்கக்கூடிய ஆய்வாகிறது. காலை நாளிதழ் முதல்நாள் நடந்ததைத்தான் சொல்லும். ஆகவே தேட வேண்டியது 13, 14, 15ஆம் திகதி இதழ்களை. பின்னணிக்கு ஜூலைப் பிற்பகுதியில் விலையுயர்வு வந்த இதழ்கள் இரண்டு போதும்.

இங்கே ஒரு பொறி உண்டு. மூன்று பத்திரிகை பார்த்தோம் என்று சொல்லும் குழுக்கள் பல நேரங்களில் ஒரே வீட்டுக் குரலை மூன்று முறை கேட்டிருக்கும். தினகரன், தினமின, டெய்லி நியூஸ், ஒப்சேர்வர் நான்கும் அன்று லேக் ஹவுஸ் என்ற ஒரே பத்திரிகை நிறுவனத்தின் வெளியீடுகள். தினகரனையும் டெய்லி நியூஸையும் ஒப்பிடுவது பயனற்றது என்று சொல்லவில்லை. ஒரே நிறுவனம் தமிழ் வாசகருக்கு ஒன்றும் ஆங்கில வாசகருக்கு வேறொன்றும் எடுத்துச் சொன்னதா என்பது அருமையான கேள்வி. ஆனால் ஒன்று மற்றதை உறுதிப்படுத்துகிறது என்று எழுதக்கூடாது. உறுதிப்படுத்த வேறு உடைமை வேண்டும்: 1930இல் தொடங்கிய வீரகேசரி, அல்லது டைம்ஸ் ஒஃப் சிலோன். பத்திரிகையைத் தெரிவு செய்யும் முன் யாருடையது, எந்த ஆண்டு தொடங்கியது, யாருக்காக அச்சிடப்பட்டது என்று மூன்று வரி எழுதி வைப்பதை நாங்கள் கட்டாயமாக்குகிறோம். அவசரகால நிலை நடப்பில் இருந்த நாட்களின் இதழ் என்பதால் எழுதாமல் விட்டது எது என்ற கேள்வியும் அந்த மூன்று வரியோடு சேர வேண்டும்.

படமெடுப்பதில் ஒழுங்கு வேண்டும். அனுமதி கிடைத்தால் முதலில் பத்திரிகைப் பெயரும் திகதியும் தெரியும் தலைப்பகுதி, அடுத்து முழுப் பக்கம், மூன்றாவதாகச் செய்தி. இந்த வரிசை மாறவே கூடாது. செய்தியை மட்டும் கிட்ட வைத்து எடுத்த படம் இரண்டு வாரத்தில் அநாதையாகிவிடும்: எந்தப் பத்திரிகை, எந்த நாள், முதற்பக்கமா ஆறாம் பக்கமா என்று யாருக்கும் தெரியாது. பக்கமும் ஓர் ஆதாரம். துப்பாக்கிச் சூட்டுச் செய்தி விளம்பரத்துக்குக் கீழே உள்பக்கத்தில் கிடந்தால், அதை அங்கே போட்டதற்கும் காரணம் கேட்க வேண்டும். கோப்புக்குப் பெயரிடும்போது ஆண்டு, மாதம், நாள், பக்கம் என்ற ஒழுங்கில் இட்டால் தொலைபேசியே வரிசைப்படுத்திக் கொடுக்கும். படமெடுக்க அனுமதியில்லாத இடத்தில் தலைப்பை எழுத்துப் பிசகாமல் பென்சிலால் எழுதி, பத்திகளின் நீளத்தைச் சென்றிமீற்றரில் அளந்து குறிக்கலாம். அந்த அளவிலிருந்து ஒரு நல்ல அட்டவணை கிடைக்கும்.

தாளைக் கையாளும்போது கவனம் தேவை. செய்தித்தாள் மரக்கூழால் ஆனது, அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருளால் தாள் வெளிச்சத்திலும் காற்றிலும் மஞ்சளித்து நொறுங்கும். கொழும்பின் ஈரக்காற்று அதை விரைவாக்குகிறது. பக்கத்தை மேல் மூலையில் பிடித்து இரண்டு கையாலும் திருப்ப வேண்டும், எச்சில் தொட்டுத் திருப்பக் கூடாது. தைத்த ஓரத்தில் வரி மறைந்தால் தொகுதியை அழுத்தி விரிக்காமல் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, "இங்கே தெரியவில்லை" என்று குறிப்பதே முறை.

இணையத்தில் "நூலகம்" என்ற பெயருள்ள எண்ணிம நூலகம் நம் மாணவருக்குப் பெரும் உதவி. இதழ்கள், பாடசாலை மலர்கள், சங்க மலர்கள் என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். திரும்பிப் போவது பற்றிய நம் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. ஆனால் மலரைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். 1980இல் வெளிவந்த நூற்றாண்டு மலரில் 1890ஐப் பற்றிய கட்டுரை 1890க்கு முதனிலை மூலாதாரம் ஆகாது. அதே மலரிலுள்ள கடை விளம்பரமும் வாழ்த்துச் செய்தியும் குழுப் படமும் 1980க்கு முதனிலை மூலாதாரமே.

அடுத்தது வாய்மொழி. மாணவர்களுக்கு அதிகம் பிடிப்பது இதுதான், அதில் நியாயமும் உண்டு. கொச்சிக்கடையின் ஒரு தோட்டத்து (நெருக்கமான நகர்ப்புறக் குடியிருப்பு) வீட்டில் தண்ணீர்க் குழாயடி எப்படி நடந்தது, கூப்பன் புத்தகத்தோடு வரிசையில் நின்றது யார், வெள்ளவத்தைக்கு ஒரு குடும்பம் எந்த ஆண்டு வந்தது, ஏன் வந்தது என்பதையெல்லாம் எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. தலைப்பு அப்படியானதென்றால் வாய்மொழிதான் முதலிடம், நாளிதழ் துணை.

ஆனால் திகதியுள்ள சம்பவத்துக்கு அது தனியே நிற்காது. 1953இல் 12 வயதாக இருந்தவர் 1941இல் பிறந்தவர். அவர் அதன்பின் 1958, 1971, 1983 என்று பல ஊரடங்குகளைக் கண்டவர். ஓர் ஊரடங்கின் காட்சி இன்னொன்றின் திகதியில் போய் ஒட்டிக்கொள்வது இயல்பு. "ஹர்த்தால் ஞாபகம் இருக்கிறதா தாத்தா?" என்று கேட்டால் பிற்காலத்தில் கேள்விப்பட்டதும் சேர்ந்து வரும். "அப்போது எந்த வகுப்பு, எந்த வீட்டில் இருந்தீர்கள், கடைக்கு யார் போவார்கள், அன்று பள்ளிக்கூடம் நடந்ததா?" என்று கேட்டால் நினைவுக்கு ஒரு நங்கூரம் கிடைக்கும். நாளிதழை வாசித்து முடித்த குழுவால்தான் இப்படிக் கேட்க முடியும். வரிசையை நாங்கள் தலைகீழாக்காததற்கு இது முக்கிய காரணம்.

மறுபடி போவது இங்கே வேறு மாதிரி. அம்மம்மாவிடம் இரண்டாம் முறை கேட்டால் முதல் பதில் திரும்ப வராது. முதல் நாள் பேசியதை அவர் அன்றிரவு யோசித்து, பிள்ளைகளிடம் கேட்டு, திருத்திச் சொல்வார். இரண்டு பதிலும் மதிப்புள்ளவை, ஆனால் இரண்டு தனி ஆதாரங்களாக, திகதியோடு வைக்க வேண்டியவை. ஒலிப்பதிவு இல்லாமல் இது முடியாது. இரண்டு தொலைபேசிகளில் பதிவு செய்யுங்கள், இரண்டையும் விமானப் பயன்முறையில் வையுங்கள். அழைப்பு வந்தால் பல கருவிகளில் பதிவு நின்றுவிடும். மின்விசிறியின் கீழே வைத்தால் பேச்சு கேட்காது. 40 நிமிடத்துக்கு மேல் பேச வைக்காதீர்கள். ஒரு மணி நேரப் பேச்சைச் சொல்லுக்குச் சொல் எழுத ஐந்து மணி நேரமாவது பிடிக்கும் என்பதால் ஒரு குழுவுக்கு மூன்று பேர் போதும்.

அனுமதியை எழுத்தில் வாங்குங்கள், அறிக்கையில் பெயரை மாற்றுங்கள். கொழும்புத் தமிழ்க் குடும்பங்களில் 1958, 1983 இனக்கலவரங்கள் எந்தப் பேச்சிலும் வந்து நிற்கக்கூடியவை. பெரியவர் அங்கே போனால் பதிவை நிறுத்தி, தொடர விருப்பமா என்று கேட்க வேண்டும். மதிப்பெண்ணுக்காக ஒருவரின் இழப்பைக் கிளறக் கூடாது. இதில் ஆசிரியர்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம்.

தேசிய சுவடிகள் திணைக்களத்தின் செல்வம் பெரிது. 1640 முதல் 1796 வரையான ஒல்லாந்தர் ஆவணங்களும் பிரித்தானிய நிர்வாக ஆவணங்களும் அங்கே உள்ளன. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்களை யுனெஸ்கோ 2003இல் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. ஆயினும் பழைய டச்சுக் கையெழுத்து பாடசாலை மாணவருக்கான வேலையன்று. 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கையெழுத்துக் கோப்புகளை மாணவர் குழுக்களோடு நாங்கள் அதிகம் பயன்படுத்தியதில்லை, ஆதலால் அவற்றைப் பற்றி உறுதியாகச் சொல்ல மாட்டோம். அச்சிட்ட நிர்வாக அறிக்கைகள், வர்த்தமானி, 1871 முதலான தொகைமதிப்பு அறிக்கைகள், ஹன்சாட் (நாடாளுமன்ற உரைகளின் பதிவு) ஆகியவை மாணவருக்கு எட்டக்கூடியவை. 1875இல் அடிக்கல் வைத்த துறைமுக அலைதாங்கியைப் பற்றி எழுதுவோருக்கு நிர்வாக அறிக்கைகளே முதல் வாசல். 1930க்கு முந்தைய கொழும்பைத் தமிழ் நாளிதழ் வழியே தேடுவதும் கடினம்.

சிக்கல் மீண்டும் அதே இடத்தில்தான். அது அரச அலுவலகம், மாணவருக்கோ பிற்பகல் ஒன்றரை வரை பாடசாலை. ஒருமுறை போவதற்கு அதிபரின் கடிதமும் ஆசிரியரின் விடுப்பும் வேண்டும், இரண்டாம் முறைக்கு அதே பாடு. ஆகவே சுவடிகளை எடுப்பதென்றால் தவணை விடுமுறைக்கு ஒதுக்குங்கள். முன்கூட்டியே தொலைபேசியில் நேரம், அனுமதிச் சீட்டு, படமெடுக்கும் விதி மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். "கொழும்பு வரலாறு" என்று சொல்லிக்கொண்டு போகாமல், விவரப்பட்டியலில் பார்த்துத் தொகுதி எண்ணும் ஆண்டும் எழுதிய தாளோடு போங்கள். தலைப்போடு மட்டும் போகிறவரின் முதல் நாள் பட்டியல் புரட்டுவதிலேயே தீர்ந்துவிடும்.

பாடசாலை இடாப்புகளைப் பற்றிச் சுருக்கமாக. சேர்விடாப்பும் (மாணவர் சேர்ந்த பதிவேடு) சம்பவத் திரட்டுப் புத்தகமும் (பாடசாலை நிகழ்வுகளின் குறிப்பேடு) உள்ள பழைய பாடசாலைகளில் 1942 ஒரு நல்ல ஆண்டு. ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அந்தப் போர்க்காலத்தில் றோயல் கல்லூரிக் கட்டடங்கள் படையினர் வசமாகி, கல்லூரியின் ஒரு பகுதி பண்டாரவளைப் பக்கம் இடம்பெயர்ந்தது. உங்கள் பாடசாலையில் அவ்வாண்டு சேர்ந்தோர், விலகியோர் எண்ணிக்கையை மாதவாரியாக எண்ணினாலே ஒரு வரைபடம் கிடைக்கும். எண்ணிக்கையை மட்டும் எடுங்கள், பெயர், முகவரி, தகப்பனாரின் தொழில் ஆகியவற்றைத் தனியாள் அடையாளம் தெரியும்படி வெளியே கொண்டுவராதீர்கள். புத்தகம் அதிபரின் அலுமாரியில் இருப்பதால் திரும்பிப் பார்ப்பது மிக எளிது. அந்த ஆண்டுப் புத்தகம் கறையானுக்கும் வெள்ளத்துக்கும் தப்பி இருந்தால்தான் இத்தனையும். எனவே தலைப்பை உறுதி செய்யும் முன் புத்தகத்தைக் கண்ணால் பாருங்கள்.

நான்கு பேர் கொண்ட குழுவுக்குப் பத்து வாரம் இருந்தால், முதல் இரண்டு வாரம் கேள்வியைச் சுருக்கவும் எந்த இதழ்கள் கிடைக்கின்றன என்று பார்க்கவும். தேடும் தொகுதி காணாமலோ புத்தகமாகக் கட்டுவதற்குப் போயோ இருந்தால் அப்போதே பத்திரிகையை மாற்றிக்கொள்ளலாம். மூன்று, நான்காம் வாரம் முதல் வாசிப்பு, ஆளுக்கொரு பத்திரிகை, நான்காமவர் ஹன்சாட். ஐந்தாம் வாரம் குறிப்புகளை ஒன்றாக விரித்து, முரண்படும் இடங்களைச் சிவப்பில் குறிக்க வேண்டும். ஆறாம் வாரம் அந்தச் சிவப்பு இடங்களுக்காக மட்டும் மறுபடி போவது, இம்முறை பத்திரிகைகளை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு. ஏழாம் வாரம் வாய்மொழி, எட்டும் ஒன்பதும் எழுத்து. பத்தாவதை வெறுமையாக விடுங்கள், மழையும் பரீட்சையும் அதை எடுத்துக்கொள்ளும்.