ஸ்டீல் வலைக் கையுறை: பட்டையின் நிறம் பார்த்து வாங்குங்கள்

மொரீஷியஸில் கோரோமண்டல் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் ஆறு வருஷமாகக் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். அதற்கு முன் திருப்பூர். துணியைப் பிடிக்கும் கையில் போடுகிற ஸ்டீல் வலைக் கையுறை புதிதாக வந்து எட்டு மாதம் ஆகிறது. அதைப் பற்றித்தான் இது.

பழசும் நல்ல சரக்குதான், ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவு. மணிக்கட்டுப் பட்டையின் நிறம்தான் அளவைச் சொல்லும்: வெள்ளை சிறியது, சிவப்பு நடுத்தரம், நீலம் பெரியது. ஸ்டோரில் வாங்கி வைத்ததெல்லாம் நீலம். எங்கள் மேஜையில் துணி வெட்டும் மோட்டார் கத்தி பிடிக்கிற மடகாஸ்கர் பெண்ணுக்கு ஒவ்வொரு விரல் நுனியிலும் அரை அங்குல வலை காலியாகத் தொங்கும். துணி கைக்குப் பிடிபடாது. ஒரு நாள் அந்தக் காலி நுனி கத்தி ஓரத்தில் சிக்கிக் கிர்ரென்று சத்தம். பக்கத்து மேஜையிலிருந்து "அத்தாங்சியோன்!" (பிரெஞ்சில் 'கவனம்!') என்று கத்தினார்கள், அவள் கையை இழுத்துக்கொண்டாள். நான்கைந்து வளையம் அறுந்திருந்தது. விரல் தப்பியது. எனக்கு அன்று மதியச் சோறு இறங்கவில்லை.

அப்புறம் மூன்று நாள் மேஜை அருகிலேயே நின்று, யார் எப்போது கையுறையைக் கழற்றுகிறார்கள் என்று நோட்டில் குறித்தேன். பெரும்பாலும் கைக்குழி வளைவு வெட்டும்போதுதான். சோம்பேறித்தனம் இல்லை, அளவு சரியில்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்று இங்கே 2005 தொழில் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அந்தக் குழுவில் நோட்டை வைத்தேன். ஆளுக்கு ஆள் கை அளவெடுத்து, காவடி விடுமுறை முடிந்ததும் வெள்ளையும் சிவப்பும் வந்துசேர்ந்தன.

இப்போது வளைவு வெட்டும்போது யாரும் கழற்றுவதில்லை. இரண்டு கைக்கும் திருப்பிப் போடலாம், அதனால் இடக்கைப் பையனுக்கும் உதவுகிறது. குறையும் உண்டு: மாலையில் மணிக்கட்டு கனக்கும், வளையங்களுக்குள் பஞ்சு அடையும். தினமும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைக்கிறோம். ஒரு வளையம் விட்டாலும் அதை ஒதுக்கிவிட வேண்டும்.

இதை நம்பி, கத்தி முன்னால் விரல் போகாமல் தடுக்கும் காவல் கம்பியைத் தூக்கி வைக்காதீர்கள். துணி அடுக்குக்குச் சற்று மேலே அது இறங்கியே இருக்கட்டும். மோட்டார் கத்தி விடாமல் அழுத்தினால் எந்த வலையும் ரொம்ப நேரம் தாங்காது. இரும்பு என்பதால் ஷாக் அடிக்கும் வாய்ப்பும் உண்டு. ஒயர் தோல் உரிந்திருக்கிறதா என்று காலையில் பார்த்துவிட்டுத்தான் சுவிட்ச் போடுகிறோம். தையல் மிஷின், பெல்ட் பக்கம் இதைப் போட்டுக்கொண்டு போகவே கூடாது.

ஒவ்வொரு அளவிலும் ஒன்று கூடுதலாக வாங்குங்கள். எங்களிடம் ஸ்பேர் சிவப்பு மட்டும்தான். போன வாரம் வெள்ளையில் ஒரு வளையம் விட்டுப்போக, புதிது வரும் வரை அந்தப் பெண்ணை லே போடும் (துணியை அடுக்கடுக்காக விரிக்கும்) வேலையில் நிறுத்தியிருக்கிறேன்.