தலையணை வைத்துப் படிக்க வேண்டிய புத்தகம்

அசோகமித்திரனின் சிறுகதைகள் முழுத்தொகுப்பை வாங்கி மூன்று மாதம் ஆகிறது. வாங்கப் போகிறவர்களுக்கு முதலில் ஓர் எச்சரிக்கை: இதைப் படுத்துக்கொண்டு படிக்க முடியாது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். ஒரு ராத்திரி கண் அசந்து புத்தகம் மூக்கின் மேல் விழுந்ததிலிருந்து, மடியில் தலையணையை வைத்து அதன் மேல் இதை வைத்துத்தான் படிக்கிறேன். இணையத்தில் வாங்கினேன். அனுப்பியவர்கள் மெல்லிய பாலிதீன் உறையில் போட்டு அனுப்பியதில் அட்டையின் முனை மடங்கித்தான் வந்து சேர்ந்தது, அது புத்தகத்தின் குற்றம் இல்லை.

சரி, கதைகளுக்கு வருவோம். இவற்றை இன்னொருவருக்கு வாயால் சொல்வது கஷ்டம். 'எலி' கதையை ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிப் பார்த்தேன். வீட்டில் எலித் தொல்லை, கணேசன் பொறியில் வைக்க வடை வாங்கி வருகிறான், எலி மாட்டுகிறது, காலையில் வெளியே கொண்டுபோய்த் திறந்துவிடுகிறான், ஒரு பறவை அதைக் கொத்திக்கொண்டு போய்விடுகிறது. "இவ்வளவுதானா?" என்றார் கூட இருந்தவர். இன்னும் ஒன்று இருக்கிறது, பொறிக்குள் அந்த வடை அப்படியே கிடக்கிறது, எலி அதைத் தின்னவே இல்லை என்றேன். "ஐயோ" என்றார். எனக்கு இவர் கதைகள் பிடித்துப்போனதற்குக் காரணம் அந்த ஐயோதான். அதை அவர் எழுதுவதில்லை, நம் வாயிலிருந்து வரட்டும் என்று விட்டுவிடுகிறார். வேறு யாராவது எழுதியிருந்தால் கணேசனின் மனசாட்சிக்கே ஒரு பக்கம் போயிருக்கும்.

'புலிக்கலைஞன்' பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சினிமா ஸ்டுடியோவுக்கு வேலை கேட்டு வருகிற காதர், தனக்கு 'டகர் பாயிட்' வரும் என்கிறான். டைகர் ஃபைட்தான் அப்படி ஆகிவிட்டது. முதலில் நாமும் அங்கிருப்பவர்களோடு சேர்ந்து அவனைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்க்கிறோம். அப்புறம் அந்தச் சின்ன அறையில் அவன் புலியாகவே மாறிப் பாய்கிறபோது, நாற்காலி மேஜையெல்லாம் எங்கே இருக்கின்றன என்றுகூட நமக்குத் தெரிகிற அளவுக்கு எழுதியிருக்கிறார். பிறகு அவனைத் தேடும்போது ஆள் கிடைக்கவில்லை. என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்தது வேறு ஒன்று. இதில் கெட்டவர் என்று ஒருத்தரும் இல்லை. அவனுக்கு வேலை கொடுக்க ஆசைப்படுகிறவர்களும் அங்கே மாதச் சம்பளக்காரர்கள்தான், யாரையும் எடுக்கும் அதிகாரம் அவர்கள் கையில் இல்லை. அப்பா இறந்த பிறகு 1952இல் செகந்திராபாத்திலிருந்து சென்னைக்கு வந்து, ஜெமினி ஸ்டுடியோவில் பத்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர் அசோகமித்திரன். அங்கே அவர் செய்தது பத்திரிகைச் செய்திகளை வெட்டிக் கோப்பில் சேர்க்கிற வேலை. வெளிச்சத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் என்பதாலோ என்னவோ, அந்த அறையில் இருக்கிறவர்களின் கையாலாகாத்தனம் இவ்வளவு சரியாக வந்திருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. தொடர்ந்து பத்துக் கதை படித்தால் சலிப்பு வரும். அதே ஒண்டுக்குடித்தனம், அதே குழாயடி, அதே வாடகைக் கவலை. பிற்காலக் கதைகள் சில ஒரு நினைவைக் குறித்து வைத்ததோடு நின்றுவிடுகின்றன, பத்திரிகைக்குக் கொடுத்தாக வேண்டுமே என்று எழுதினாரோ என்று எனக்குத் தோன்றியது. ராத்திரிக்கு இரண்டு கதை என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கிறது. இவரை இதுவரை படிக்காதவர்கள் எடுத்தவுடன் இந்தத் தொகுப்பை வாங்க வேண்டாம், இருபது முப்பது கதைகள் உள்ள தேர்வு நூல் ஏதாவது வாங்கிப் பார்த்துவிட்டு இதற்கு வரலாம். திருப்பம் வேண்டும், கடைசி வரியில் தூக்கிவாரிப்போட வேண்டும் என்பவர்களுக்கு இது ஒத்துவராது.

சோகம் மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். 'ரிக்‌ஷா' என்று ஒரு குட்டிக் கதை, 'ரிஷ்கா' என்றே சொல்லும் மகனை அப்பா திருத்தப் பார்க்கிறார், திருத்தித் திருத்திக் கடைசியில் அவர் வாயிலேயே ரிஷ்காதான் வருகிறது. என் அம்மாவுக்குக் கதை படிக்கும் பழக்கம் கிடையாது, இதை மட்டும் வாசித்துக் காட்டினேன். சிரித்துவிட்டு, "நீ ஃப்ரிட்ஜைப் பிர்ஜுன்னு சொல்லிச் சொல்லி உங்கப்பா கடைசிவரைக்கும் பிர்ஜுன்னுதானே சொன்னார்" என்றாள். மறுநாள் சமையல் முடிந்ததும் புத்தகத்தை அவளே எடுத்துக்கொண்டாள். மளிகைக் கடை ரசீது ஒன்றை அடையாளத்துக்குச் செருகி வைத்திருக்கிறாள், அது தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது. நான் பாதியில் நிற்கிறேன், தலையணையும் இப்போது அவளிடம்தான்.