காலேஜ் அட்மிஷன் ‘லீடர்ஷிப் பேக்கேஜ்’: அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார்

பொண்ணு லெவன்த் கிரேடு போனதும் எல்லாரும் சேர்க்கறாங்களேன்னு பயந்து போயி நாங்களும் ஒரு அட்மிஷன் கவுன்சலிங் சர்வீஸ்ல சேத்து விட்டோம், ஆன்லைன் தான், பேரு வேணாம். எக்ஸ்ட்ரா கரிகுலர்ல, அதாவது படிப்புக்கு வெளிய செய்யறதுல, லீடர்ஷிப் காமிச்சாதான் அமெரிக்காவுல நல்ல காலேஜ் கெடைக்கும்னு சொல்லித்தான் வித்தாங்க.

மொத மீட்டிங்லயே கவுன்சலர் கேட்டது “எந்த கிளப்ல பிரெசிடெண்ட்?” எதுலயும் இல்லன்னதும் மொகம் சுருங்கிடுச்சு. அப்ப ஒரு நான்-ப்ராஃபிட் (லாபம் பாக்காத சேவை அமைப்பு) ஆரம்பிங்க, வெப்சைட் நாங்களே போட்டு தர்றோம் (அதுக்கு தனி காசு), ஃபவுண்டர்னு போட்டுக்கலாம்னாரு. எதுக்கான நான்-ப்ராஃபிட்னு கேட்டா அத அப்புறம் யோசிக்கலாமாம், புள்ள பொறக்கறதுக்கு முன்னாடி பேரு வச்ச கதை. நானும் மண்டைய ஆட்டிட்டு அட்வான்ஸ் கட்டினேன்.

என் பொண்ணு நைன்த்லேருந்து ரோபாட்டிக்ஸ் டீம்ல இருக்கா, கேப்டன் கெடையாது. ஒரு போட்டியில சார்ஜ் ஏறாத பேட்டரிய மாட்டி ரோபோ நடுக்களத்துல அப்படியே நின்னு போச்சு, எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் திட்டிக்கிட்டு இருந்தாங்க, இவ மறுநாள் போயி மாஸ்கிங் டேப்ல ஒவ்வொரு பேட்டரிக்கும் நம்பர் எழுதி ஒட்டி, எது எப்ப சார்ஜ் போட்டது, யாரு போட்டதுன்னு சொவத்துல ஒரு சீட்டு தொங்க விட்டா. அடுத்த வருஷம் வந்த சின்ன பசங்களுக்கும் சொல்லிக் குடுத்தா, இப்ப இவ போகாத நாள்லயும் அது பாட்டுக்கு நடக்குது. இத சொன்னா கவுன்சலர் “அது மெயின்டனன்ஸ் தானே”ன்னுட்டாரு. அங்கதான் எனக்கு விட்டுப் போச்சு.

அப்புறம் நானே உக்காந்து படிச்சேன். காமன் ஆப்ல (ஒரே அப்ளிகேஷன்ல அமெரிக்காவுல நெறைய காலேஜுக்கு அப்ளை பண்ற சைட்) 10 ஆக்டிவிட்டி வரைக்கும் போடலாம், பதவிக்கு 50 கேரக்டர் (எழுத்துக் கணக்கு), என்ன செஞ்சோம்னு சொல்ல 150 கேரக்டர், அதுவும் ஸ்பேஸோட சேத்து. எந்தெந்த கிரேடுல செஞ்ச, வாரத்துக்கு எத்தன மணி, வருஷத்துக்கு எத்தன வாரம்னு வேற கேக்கறாங்க, அவசர அவசரமா தொடங்கின ஃபவுண்டர் பதவி எந்த கிரேடுன்னு டிக் போடறப்பவே பல்ல இளிச்சிடும். குடும்பப் பொறுப்புன்னு தனி வகையே இருக்கு, தம்பி தங்கச்சிய பாத்துக்கற புள்ளைங்க கூச்சப்படாம போடுங்கப்பா. கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி அப்ளிகேஷன்ல 8 கேள்வியில 4 எழுதணும், ஒவ்வொண்ணும் 350 வார்த்தைக்குள்ள, மொத கேள்வியே லீடர்ஷிப் தான். வெறும் பதவிய சொல்லல, வீட்டுல பொறுப்பெடுத்து செய்யறதும் சேரும்னு அவங்களே கீழ விளக்கியிருக்காங்க. ஓசில கெடக்குது அந்த வெப் பேஜ், நான் காசு குடுத்தப்பறம்தான் பாத்தேன்.

நல்லதையும் சொல்லணும்ல. அந்த சர்வீஸ்ல என் பொண்ணு எழுதினதுக்கு எடிட்டிங் பாத்த அம்மா கெட்டிக்காரி. ‘பேட்டரி பராமரிப்புல உதவினேன்’னு இவ எழுதினத அப்படியே அடிச்சிட்டாங்க. எத்தன பேட்டரி, எத்தன பேருக்கு கத்துக்குடுத்த, அதுக்கப்பறம் எத்தன தடவ ரோபோ நின்னுச்சுன்னு நோண்டி நோண்டி கேட்டாங்க. 12 பேட்டரி, 5 ஜூனியர், சீசன் பூரா ஒரு தடவ கூட நிக்கல, எல்லாம் அந்த 150க்குள்ளயே அடங்கிடுச்சு. ரெண்டு ஸ்டாரும் அவங்களுக்குத்தான்.

வெப்சைட்டே வேணாம்னு சொல்லி அந்த அட்வான்ஸ திருப்பி கேட்டு மூணு மெயில் போட்டாச்சு, பதிலே இல்ல. எடிட்டிங் மட்டும் தனியா குடுத்தா எடுங்க, பேக்கேஜ் பக்கம் போகாதீங்க.