பழைய ஸ்கூபா ஃபின்ஸ் வாங்குவோர் கவனத்திற்கு: விரிசலைப் பசையால் மறைத்து 340 யூரோவைப் பறித்துக்கொண்டார்கள்

பழைய டைவிங் கருவிகளைச் சேகரிப்பவர்களும், அவற்றை அணிந்து இன்றும் தண்ணீருக்குள் இறங்குபவர்களும் இந்தப் பதிவைத் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். இத்தகைய சாமான்களை ஏலத்தில் விற்கும் இணையச் சந்தை ஒன்றில், 1960-களைச் சேர்ந்த அசல் ஃபின்ஸ் (நீருக்குள் நீந்தக் காலில் மாட்டும் ரப்பர்த் துடுப்புகள்), பயன்படுத்தத் தகுந்த நிலையில் உள்ளவை என்று நம்பவைத்து, கிழிந்த ரப்பருக்குப் பசையும் பாலிஷும் பூசி என் தலையில் கட்டி, 340 யூரோவை வாங்கிக்கொண்டார்கள். பணத்தைத் திரும்பக் கேட்ட விண்ணப்பம் இன்னும் நிலுவையில் இருப்பதால் சந்தையின் பெயரையும் விற்றவரின் பெயரையும் இங்கே எழுதவில்லை. என்ன நடந்தது, பழைய ஃபின்ஸை எப்படிச் சோதித்து வாங்க வேண்டும் என்ற இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

வாங்கியது எப்படிப்பட்ட பொருள் என்று தெரிந்தால்தான் மோசடியின் அளவு புரியும். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி த கோர்லியூ 1933-இல் காப்புரிமை பெற்ற நீச்சல் ஃபின்ஸிலிருந்தும், அமெரிக்கரான ஓவன் சர்ச்சில் 1940-இல் விற்பனைக்குக் கொண்டுவந்து இரண்டாம் உலகப் போரில் கடற்படை வீரர்களின் கால்களுக்குப் போன ரப்பர் ஃபின்ஸிலிருந்தும் தொடங்கிய இந்த வடிவமைப்பு, 1950-களில் இத்தாலியரான லூயிஜி ஃபெர்ராரோ கிரெஸ்ஸி நிறுவனத்துக்காக வடிவமைத்த 'ரோந்தினே'யில் பாதத்தைக் குதிகால்வரை முழுவதும் மூடும் பாதக்கூட்டைப் பெற்றது. அதன் பிறகு 1964-இல் பிரான்ஸின் ஜார்ஜ் பெஷா 'ஜெட்ஃபின்' என்ற புது வகையைக் கொண்டுவந்தார். தண்ணீரைத் தள்ளும் தகட்டின் அடிப்பகுதியில், பாதக்கூடு முடியும் இடத்தை ஒட்டி, தண்ணீர் ஊடுருவிப் போகும்படி துளைகள் விட்டதுதான் அதன் சிறப்பு. காலைத் திருப்பி இழுக்கும்போது தகட்டின் மேல் அழுத்தும் நீரில் ஒரு பகுதி அந்தத் துளைகள் வழியே வெளியேறுவதால் சுமை குறையும் என்பது அதன் கருத்து. கனமான கறுப்பு ரப்பர், தண்ணீரில் மிதக்காமல் மூழ்கும் எடை, குதிகாலில் இறுக்கும் வார், ஓரங்களில் தடித்த வரம்புகள் என்று அதன் உடற்கட்டே தனி. பின்னாளில் ஸ்கூபாப்ரோ நிறுவனத்தின் பெயரில் வந்த அதே வடிவம் இன்றும் தயாரிப்பில் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு ஜோடி புதியதா பழையதா என்பதை வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாமல் போவதற்கு அதுவே காரணம்.

இந்த வகையில் தொடக்ககால ஜோடி ஒன்றை நெடுநாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். ஏலப் பக்கத்தில் இருந்த படங்கள் அழகாக இருந்தன. ஆனால் எனக்கு நம்பிக்கை வந்தது படங்களால் இல்லை, விற்றவரின் பேச்சால். துளைகளின் ஓரங்களில் விரிசல் இருக்கிறதா என்று நான் எழுதிக் கேட்டபோது, அவர் அன்றே பதில் அனுப்பினார். தாம் பல்லாண்டுகளாக டைவிங் கற்றுக்கொடுத்தவர் என்றும், இந்த ஜோடியை வெயில் படாத இடத்தில், மடங்காமல், பாதக்கூட்டுக்குள் காகிதம் திணித்து வைத்துப் பாதுகாத்ததாகவும் எழுதினார். ரப்பரைக் கெடுப்பது ஓசோனும் ஒளியும்தான், எந்தெந்த இடத்தில் ரப்பர் இழுபட்ட நிலையில் இருக்கிறதோ அங்கேதான் இழுவிசைக்குக் குறுக்காக விரிசல் விடும் என்று எனக்கே விளக்கினார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. இவ்வளவு தெரிந்த ஒருவர் பொருளைப் போற்றி வைத்திருப்பார் என்று நான் உறுதியாக நம்பினேன். ஒரு சிறு காணொளியும் அனுப்பினார். அதில் அவர் தகட்டின் நுனியைப் பிடித்து மெதுவாக வளைத்துக் காட்டினார், ரப்பர் வளைந்து நிமிர்ந்தது. துளைகள் உள்ள அடிப்பகுதியை அவர் கடைசிவரை வளைக்கவில்லை. விரிசலைப் பற்றி அத்தனை விவரம் தெரிந்தவர், எந்த இடத்தை வளைக்கக் கூடாது என்பதையும் தெரிந்தே வைத்திருந்தார் என்று இப்போது நினைக்கும்போது எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அந்த அறிவை ஏமாற்றுவதற்குப் பயன்படுத்தியிருக்கிறார். 340 யூரோ அன்றே செலுத்தப்பட்டது.

பொட்டலத்தைப் பிரித்ததும் ரப்பர் வாசனைக்கு முன்னால் ஷூ பாலிஷ் வாசனைதான் வந்தது. வெதுவெதுப்பான நீரில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்தபோது துணி கறுத்தது, பளபளப்பு போனது, அடியில் சாம்பல் பூத்த பழைய ரப்பர் தெரிந்தது. அதுகூடப் பெரிய குற்றமில்லை, பழைய ரப்பரின் மேல் வெளிறல் படர்வது இயல்புதான். இடது ஃபின்னின் துளைகளுக்கு இடையே உள்ள குறுகிய ரப்பர்ப் பட்டையைக் கட்டைவிரல்களால் இலேசாக அழுத்தியபோதுதான் உண்மை வெளிப்பட்டது. மயிரிழை போன்ற கோடு ஒன்று வாய் திறந்தது. அதன் இரண்டு ஓரமும் காய்ந்து சாம்பல் நிறத்தில் இருக்க, நடுவில் மட்டும் கண்ணாடி போல மின்னும் கறுப்புப் பசை கெட்டியாக உறைந்திருந்தது. நகத்தால் அழுத்தினால் சுற்றியிருந்த ரப்பர் அமுங்கியது, பசை அமுங்கவில்லை. பட்டை முன்பே ஒருமுறை முழுவதுமாக அறுந்து, பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. வலது ஃபின்னிலும் பாதக்கூட்டின் வாய் ஓரத்தில் இதே வேலை நடந்திருக்கிறது.

இது வெறும் அழகுக்குறை இல்லை என்பதை டைவிங் செய்பவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். காலை உதைக்கும்போது தகடு வளைவதன் அழுத்தம் அதிகமாகச் சேர்வது தகட்டின் அடியில்தான். துளைகள் அங்கே இருப்பதால், அந்தச் சுமையில் ஒரு பங்கைத் தாங்குவது துளைகளுக்கு இடையிலுள்ள பட்டைகளே. ரப்பர் நெளிந்து கொடுக்கும், உறைந்த பசை நெளியாது. நீரோட்டத்துக்கு எதிராக உதைக்கிற நேரத்தில் அந்த இணைப்பு விட்டுப்போனால், ஒரு கால் பயனற்றுப்போன நிலையில் ஒருவர் ஆழத்தில் நிற்க நேரிடும். இதை அறிந்தே ஒருவர் 'பயன்படுத்தத் தகுந்தது' என்று எழுதி விற்றிருக்கிறார்.

அதன் பிறகு நடந்தவை அனைத்தும் தட்டிக்கழிப்புகளே. படங்களோடு விற்றவருக்கு எழுதினேன். 'பழைய பொருள் பழையதாகத்தான் இருக்கும்' என்பது முதல் பதில். பசையைப் பற்றிக் கேட்டதற்கு, அது தொழிற்சாலையில் வார்க்கும்போது வந்த அச்சுக்கோடு என்றார். அச்சுக்கோடு இரண்டு ஃபின்களிலும் ஒரே இடத்தில், நேராக ஓடும். இங்கேயோ ஒன்றில் துளையருகே வளைந்து ஓடுகிறது, மற்றதில் அந்த இடத்தில் கோடே இல்லை என்று காட்டியதும், நான் வெந்நீரில் போட்டுக் கெடுத்துவிட்டதாகக் குற்றம்சாட்டினார். பிறகு பதிலே இல்லை. ஏலச் சந்தையின் உதவிப் பிரிவோ, விவரணையில் 'பழையது, பயன்பாட்டுத் தடங்கள் உண்டு' என்ற வரி இருப்பதால் பொருள் விவரணையோடு ஒத்துப்போகிறது என்று எழுதிவிட்டு, முறையீட்டை முடித்துவைத்தது. மறுபரிசீலனை கேட்டேன். அதே வரிகள், வேறு ஊழியரின் பெயரில், மீண்டும் வந்தன. ஒருவராவது நான் அனுப்பிய படங்களைத் திறந்து பார்த்ததற்கான அடையாளம் அந்தப் பதில்களில் இல்லை. பயன்பாட்டுத் தடம் என்பது தேய்மானம். அறுந்ததை ஒட்டி, ஒட்டியதைப் பாலிஷால் மறைத்து விற்பதை எந்த அகராதியை வைத்து அந்தச் சொல்லுக்குள் அடக்குகிறார்கள்? 340 யூரோ அவர்களுக்குச் சிறு தொகையாக இருக்கலாம். எனக்கு அது பல மாதச் சேமிப்பு.

கட்டணத்தைத் திரும்பப் பெறும் விண்ணப்பத்தை இப்போது பணம் செலுத்திய அட்டை வழியாகப் போட்டிருக்கிறேன், அதற்கான ஆவணங்களைத் திரட்ட வேண்டியிருப்பதால் எச்சரிக்கைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஃபின்ஸின் அடிப்பக்கப் படத்தையும், துளைகளையும் பாதக்கூட்டின் வாயையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படத்தையும் கேளுங்கள். அனுப்ப மறுத்தால் விட்டுவிடுங்கள். காணொளி அனுப்பினால், தகட்டின் நுனியை அல்ல, அடிப்பகுதியை வளைத்துக் காட்டச் சொல்லுங்கள். அளவுக்கு மீறிப் பளபளக்கும் பழைய ரப்பரைச் சந்தேகியுங்கள், துடைக்காமல் எடுத்த படத்தைக் கேளுங்கள். வாரும் பக்கிளும் அசலா, பின்னால் மாற்றியவையா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். விரிசல், ஒட்டுவேலை, நிரப்புவேலை எதுவும் இல்லை என்ற வாக்குறுதியையும் சந்தையின் செய்திப்பெட்டி வழியாகவே பெறுங்கள். பொட்டலத்தைப் பிரிப்பதிலிருந்து படம்பிடியுங்கள். வந்த ஜோடியைத் தண்ணீருக்குள் கொண்டுபோகும் முன் எல்லாத் துளைகளின் மூலைகளையும் கையால் வளைத்துப் பாருங்கள், ஒரு கோடு வாய் திறந்தாலும் அதை அணிந்து இறங்காதீர்கள்.