கத்தியைப் படம் எடுக்க மடக்கு லைட் பாக்ஸ்: ஆறு மாதம் பயன்படுத்திய அனுபவம்

சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் பட்டறை இருக்கிறது. அப்பா அடிக்கும் கத்திகளைப் படம் எடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பி, ஆர்டர் பிடிப்பது என் பொறுப்பு. ஏற்காட்டு எஸ்டேட்களுக்குச் செடிகளின் கிளை கழிக்கும் கவாத்துக் கத்தி போகும். வீடுகளுக்குச் சமையல் கத்தி. லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது, பழைய காப்பிச் செடியின் கட்டையில் பிடி போட்டது என்றால் வெளியூரிலிருந்தும் கேட்கிறார்கள். அவர்கள் கத்தியைக் கையில் வாங்கிப் பார்க்க முடியாது, படத்தை நம்பித்தான் பணம் போடுகிறார்கள்.

மூன்று வருடம் பட்டறைத் திண்ணையில் வைத்தே எடுத்தேன். அப்புறம் போன ஆவணியில் ஆன்லைனில் 1,650 ரூபாய் கொடுத்து ஒரு மடக்கு லைட் பாக்ஸ் வாங்கினேன். பொருளை உள்ளே வைத்துப் படம் எடுக்கும் துணிப் பெட்டி அது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 40 சென்டிமீட்டர். உள்கூரையில் ஒட்டிக்கொள்ள இரண்டு எல்இடி பட்டைகள், ஆறு நிறத்தில் பின்னணித் தாள், யுஎஸ்பி வயர். மேலே ஒரு வட்டத் துளை, முன்னால் ஒரு திறப்பு. பிராண்டைச் சொல்லிப் பயனில்லை, இதே பெட்டி பல பெயர்களில் விற்கிறது.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்யும் என் சித்தி வீட்டில் இதே பெட்டிதான். கொலுசுப் படங்கள் பளிச்சென்று வருவதைப் பார்த்துத்தான் நானும் வாங்கினேன். கொலுசில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் திரும்பியிருப்பதால் எல்இடி புள்ளிகள் அங்கங்கே மின்னி அழகாகவே தெரியும். கத்தி அப்படியில்லை. அது ஒரே தட்டையான பரப்பு. இந்த வித்தியாசம் வாங்கும்போது எனக்குப் புரியவில்லை.

முதல் வாரமே சிக்கல் வந்தது. பெட்டிக்குள் ஒரு கவாத்துக் கத்தியைப் படுக்கப்போட்டு, மேல் துளை வழியாக எடுத்து, ஏற்காட்டில் ஓர் எஸ்டேட் மேஸ்திரிக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது. "ஏம்மா, விரிசல் விட்ட கத்தியையா அனுப்பப்போறீங்க?" எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அலகின் நடுவில், முதுகிலிருந்து வாய் வரைக்கும், அதாவது வெட்டும் ஓரம் வரைக்கும், மெல்லிய கறுப்புக் கோடு. கத்தியை எடுத்துவந்து நகத்தால் கீறிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. அப்பாவும் ஒருமுறை தட்டிக் காதில் வைத்துக் கேட்டார். விரிசல் இருந்தால் சத்தம் உடைந்து வரும். இது மணி மாதிரி ஒலித்தது.

"கத்தி நல்லாத்தான்மா இருக்கு. உன் பெட்டியிலதான் ஏதோ கோளாறு."

அவர் சொன்னது சரி. பெட்டியின் கூரையில் இரண்டு துணி சேரும் தையல் மடிப்புதான் அலகில் கோடாகத் தெரிந்திருக்கிறது. பக்கத்திலேயே வட்டமாக ஒரு கறுப்புத் திட்டும் இருந்தது. அது மேல் துளையும் என் போனும். இன்னொரு படத்தில் எல்இடி பட்டை, புள்ளி புள்ளியாக, எறும்பு ஊர்ந்த மாதிரி பதிந்திருந்தது.

தேய்த்து மெருகேற்றிய இரும்பு ஒரு கண்ணாடி. அது எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ அதுதான் படத்தில் வரும். ஒளி எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில்தான் திரும்பும். அதனால் கத்தியைச் சரியாகப் படம் எடுப்பதென்றால், கத்திக்கு எதிரில் என்ன இருக்கிறது என்று சரிபண்ணுவதுதான். இந்தப் பெட்டியை விற்பவர்கள் இதை எங்கேயும் சொல்வதில்லை. வெளிச்சம் எவ்வளவு, தாள் எத்தனை என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.

இப்போது நான் எப்படிப் பயன்படுத்துகிறேன் என்று சொல்கிறேன். எல்இடி பட்டைகள் இரண்டையும் உள்ளேயிருந்து கழற்றி, பெட்டிக்கு வெளியே, கூரைக்கு ஒரு சாண் மேலே கம்பியில் கட்டிவிட்டேன். கூரைத் துணியின் மேல் சின்னக்கடை வீதியில் வாங்கிய பட்டர் பேப்பர் இரண்டு தாள். வெளிச்சம் அதில் பரவி இறங்குவதால் கூரை முழுவதும் ஒரே வெள்ளைப் பலகை ஆகிவிடுகிறது. தையல் மடிப்பும் மறைந்துவிட்டது. பிறகு கத்தியின் முதுகுக்கு அடியில் ஒரு பென்சில் அழிப்பானைப் பாதியாக வெட்டி வைக்கிறேன். படத்தில் அது தெரியாது. ஆனால் அலகு ஒரு சின்ன சாய்வு சாய்ந்து, துளையைப் பார்ப்பதை விட்டுவிட்டு வெள்ளைக் கூரையைப் பார்க்கும். அந்த ஒரு விரல் அளவு சாய்வில் படமே மாறிப்போகும். அழிப்பானை மெதுவாக நகர்த்திக்கொண்டே போன் திரையைப் பாருங்கள், ஓர் இடத்தில் அலகு முழுவதும் பால் ஊற்றியது போல் வெளுக்கும். அங்கே நிறுத்த வேண்டும்.

முழுக்க வெளுத்தாலும் தப்பு. வெள்ளைத் தாளில் வெள்ளைக் கத்தி கரைந்துவிடும். அதற்கு ஒரு கறுப்பு சார்ட் துண்டு, இரண்டு விரல் அகலத்தில், கத்தியின் வாய்ப் பக்கம் படத்துக்குள் வராமல் நிமிர்த்தி வைக்கிறேன். வாயை நோக்கி இறங்கும் சரிவு அந்தக் கறுப்பைப் பார்த்துக் கருக்கும், மேல் பாகம் வெளுப்பாகவே நிற்கும். இரண்டும் சேரும் இடத்தில் அப்பா அரத்தால் இழைத்த கோடு நூல் பிடித்த மாதிரி தெரியும். கத்தி செய்பவர்களுக்கு அந்தக் கோடுதான் மானம். அது தெரியாத படம் எனக்கு வேண்டாம்.

கூடவே வரும் ஆறு தாள்களில் வெள்ளையும் சாம்பலும் மட்டும் எடுத்துக்கொண்டேன். ஆரஞ்சு, பச்சைத் தாள்களை விரித்தால் அந்த நிறம் சுவர்களில் பட்டுத் திரும்பி அலகின் ஓரத்தில் சாயமாக ஏறுகிறது. வெள்ளைத் தாளில் எடுக்கும்போது போன் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துப் படத்தைச் சாம்பலாக்கிவிடும். திரையில் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டி, சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே தள்ள வேண்டும். ஜன்னலைச் சாத்திவிடுவேன். வெயிலும் எல்இடியும் கலந்தால் காப்பிக் கட்டைப் பிடி ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் மஞ்சள் என்று வரும்.

டிம்மரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வயரில் வெளிச்சத்தைக் குறைக்க ஒரு பட்டன் இருக்கிறது. குறைத்தால் படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன. விளக்கு நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிவதால் வருவது அது. முழு வெளிச்சத்திலேயே வைத்து எடுங்கள்.

கண் கூசும் ஒளியைக் குறைக்கும் என்று ஒருவர் சொல்ல, போனில் மாட்டும் போலரைசர் கண்ணாடி ஒன்றும் வாங்கினேன். வார்னிஷ் அடித்த பிடியில் வேலை செய்கிறது. வெறும் இரும்பில் தெரியும் பிரதிபலிப்பை அது அசைக்கக்கூட இல்லை. கத்திக்காக அதில் காசு போட வேண்டாம்.

தெரியாமல் செய்த இன்னொரு தவறு, கிட்டே போய் எடுத்தது. போனைக் கத்திக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் நடுப்பாகம் பருத்து, நுனியும் பிடியும் இழுபட்டு, கத்தியின் உருவமே கெடும். இரண்டடி தள்ளி ஸ்டாண்டில் நிறுத்தி, 2 மடங்கு பெரிதாக்கி, மூன்று விநாடி டைமர் போட்டு எடுத்தால் அப்பா அடித்த வளைவு அப்படியே வருகிறது. எடுப்பதற்கு முன் எண்ணெயை முழுக்கத் துடைக்க வேண்டும், விரல் ரேகை மலை மாதிரி தெரியும். எடுத்து முடித்ததும் மறுபடி எண்ணெய் பூச வேண்டும். எங்களுடையது ஸ்டெயின்லெஸ் இல்லை, ஒரு ராத்திரியில் துரு பிடித்துவிடும்.

இவ்வளவும் செய்த பிறகு சொல்கிறேன், சமையல் கத்திக்கு இந்தப் பெட்டி நன்றாகவே உழைக்கிறது. ராத்திரி எட்டு மணிக்கும் ஒரே மாதிரி படம் எடுக்க முடிவது எனக்குப் பெரிய வரம். ஐந்துக்கு மூன்று தருவேன். தையல் மடிப்பைக் கூரையின் நடுவில் வைத்ததற்கும், டிம்மருக்கும் இரண்டைக் குறைத்துவிட்டேன்.

ஆனாலும் என்னிடம் இருப்பதிலேயே நல்ல கத்திப் படம் இந்தப் பெட்டியில் எடுத்ததில்லை. மாசியில் கவாத்துக் கத்தி கொடுக்க ஏற்காடு போனபோது, எஸ்டேட் கிடங்கின் கல்திட்டில் வைத்து எடுத்தது. காலை ஏழரை மணி, மலை முழுக்கப் பனிமூட்டம். வானமே ஒரு பெரிய பட்டர் பேப்பர். அலகில் சம்மட்டி பட்ட தடம் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது, கூசவே இல்லை. முதல் படத்தில் மட்டும் சில்வர் ஓக் மரங்களின் பச்சை வாயோரத்தில் விழுந்திருந்தது. கத்தியைத் திறந்த வானம் இருக்கும் பக்கம் திருப்பிவைத்ததும் சரியாகிவிட்டது. விரிசலா என்று கேட்ட அதே மேஸ்திரி பக்கத்தில் நின்று போனை எட்டிப் பார்த்துவிட்டு, "இதே மாதிரி இன்னும் நாலு வேணும்மா" என்றார்.

நீளக் கவாத்துக் கத்தி 40 சென்டிமீட்டர் பெட்டியில் மூலைவிட்டமாக வைத்தால்தான் அடங்கும். அப்படி வைத்தால் நுனி சுவரின் நிழலில் போய்விடுகிறது. அதனால் பெரிய கத்திகளை இப்போதும் வீட்டு வடக்கு ஜன்னலில் அப்பாவின் பழைய வெள்ளை வேட்டியைக் கட்டித்தான் எடுக்கிறேன். அரிவாள், கொடுவாள் செய்பவர்கள் 80 சென்டிமீட்டர் பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். எல்இடி பட்டையை வெளியே கழற்ற முடியுமா என்று கடைக்காரரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.