சிறு விமானங்களில் வரும் ரோடாக்ஸ் 912 எஞ்சினுக்கு எந்த பியூயல் பில்டர்: காகிதமா, கண்ணாடியா, நைலானா, கேஸ்கொலேட்டரா?

வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய பக்கங்களில் பெட்ரோலுக்குத் தூசியைவிடத் தண்ணீர்தான் பெரிய எதிரி. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து ஈரக்காற்று விடாமல் வீசும். பாதி டேங்கோடு நிற்கும் விமானத்தில் வென்ட் (டேங்கின் காற்றுத் துளை) வழியாக அந்த ஈரம் உள்ளே போகும். பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இந்த ஊருக்கு பில்டர் பார்க்கும்போது எத்தனை மைக்ரான் என்பதற்கு முன்னால், தண்ணீர் பட்டால் அது என்ன செய்யும் என்று கேட்க வேண்டும்.

எஞ்சினைத் தயாரிக்கும் ரோடாக்ஸ் கேட்பது டேங்க் வாயில் 0.3 மி.மீ. வலை, பம்புக்கு முன்னால் 0.1 மி.மீ. வலை. 0.1 மி.மீ. என்றால் 100 மைக்ரான். வலைக்கு இவ்வளவு பெரிய துளையா என்று தோன்றும். கார்புரேட்டரில் ஐடில் ஜெட் (எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் வரும் முனை) துளையே 0.35 மி.மீ. அதை அடைக்கிற எதுவும் இந்த வலையைத் தாண்டாது.

காகித பில்டர்: பைக் கடையில் மலிவாகக் கிடைக்கும், நுணுக்கமாகவும் வடிகட்டும். ஆனால் தண்ணீர் பட்டதும் காகிதம் ஊதி, வழி குறுகிவிடும். தரையில் ஐடிலில் ஒன்றும் தெரியாது. முழு த்ராட்டிலில் ஏறும்போதுதான் பெட்ரோல் போதாமல் போகும். கார்புரேட்டர் வைத்த 912-க்கு இது வேண்டவே வேண்டாம்.

கண்ணாடி பில்டர்: உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியும், கழற்றிக் கழுவலாம். ஆசை காட்டுவதும் அதுதான், ஆபத்தும் அதுதான். இரண்டு முனையிலும் கேஸ்கெட். ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் கசிவுக்கு வாய்ப்பு. இறக்கை மேலே இருக்கும் விமானத்தில் டேங்கிலிருந்து பெட்ரோல் தானாக இறங்குவதால், கசிந்தால் சொட்டும், வாசனை வரும். இறக்கை கீழே இருந்தால் பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் பில்டர் இருக்கும். அங்கே பெட்ரோல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். தரையில் ஒரு சொட்டுக்கூட இருக்காது. கண்ணாடிக்குள் மேல் பாதி காலியாகத் தெரிந்தால் பதற வேண்டாம், அது சாதாரணம். எஞ்சின் ஓடும்போது சிறு குமிழிகள் வரிசையாக ஓடினால்தான் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். சரியாகிவிடும் என்று இன்னும் இறுக்கினால் கண்ணாடி விரியும்.

மூடிய நைலான் பில்டர்: திறக்க முடியாது. கேஸ்கெட் இல்லாததால் அந்தக் கசிவும் இல்லை. 100 மைக்ரான் வலை உள்ளதாகப் பார்த்து வாங்கி, 100 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போது தூக்கிப் போடுங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் போகக் கூடாது, சூட்டில் நொறுங்கிவிடும்.

கேஸ்கொலேட்டர்: அடியில் கிண்ணம், வடிகால் குழாய், உள்ளே கழுவக்கூடிய ஸ்டீல் வலை. தண்ணீரைப் பிடித்து வைத்து வெளியே விட இதில்தான் வழி உண்டு. பெட்ரோல் பாதையிலேயே தாழ்ந்த இடத்தில் இருந்தால்தான் பயன். எஞ்சின் சூடு படும் இடத்தில் வைத்தால் வேப்பர் லாக் (பெட்ரோல் ஆவியாகி வழியை அடைப்பது) வரும். விலை அதிகம், ஓ-ரிங்கை ஆண்டுதோறும் மாற்ற வேண்டும்.

இந்தக் கணவாய்க்கு எங்கள் தேர்வு 0.1 மி.மீ. வலையுள்ள கேஸ்கொலேட்டர். அந்த எடைக்கும் இடத்துக்கும் வசதி இல்லையென்றால் நைலான் பில்டரும், டேங்கின் அடியில் தனி வடிகாலும். முறைப்படி சான்றிதழ் பெற்ற விமானமென்றால் இந்தத் தேர்வே உங்கள் கையில் இல்லை. அதற்கு ஒப்புதல் பெற்ற பாகம் எதுவோ அதுதான்.

பில்டர் மாற்றிய பிறகு வரும் கோளாறுகளில் பல ஹோஸால் வருபவை. முனையில் அழுத்தி ஏற்றும்போது ரப்பர் நூல் போலச் சீவிக்கொண்டு உள்ளே விழும். அது பில்டருக்கு அப்பால் விழுந்தால் நேரே கார்புரேட்டருக்குத்தான் போகும். எனவே கார்புரேட்டர் பக்கம் ஹோஸைக் கழற்றி, எலக்ட்ரிக் பம்பைப் போட்டு ஒரு லிட்டரை வெள்ளைத் துணி வழியாகப் பிடியுங்கள். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். அப்படியே அளவுக் குவளையில் ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். 912-இன் ஒரு வகையான 912 யுஎல்எஸ் டேக்-ஆஃபில் மணிக்குச் சுமார் 27 லிட்டர் குடிக்கும். அதில் 125 சதவீதம் வர வேண்டும், அதாவது நிமிடத்துக்கு 560 மி.லி. மூக்கைத் தூக்கி வைத்து, டேங்கில் கொஞ்சமே பெட்ரோல் இருக்கும்போது அளந்தால்தான் அது சோதனை.

எந்த பில்டராலும் பிரிக்க முடியாதது எத்தனால். 912 ஏற்பது 10 சதவீதம் வரை. பங்க்கில் இப்போது ஊற்றுவது பெரும்பாலும் இ20, அதாவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 10 மி.லி. தண்ணீர் ஊற்றி, மேலே 100 மி.லி. பெட்ரோல் விட்டு, நன்றாகக் குலுக்கிப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கும். அடி மட்டம் 20 அருகே நின்றால் சுமார் 10 சதவீதம். 30-ஐ நெருங்கினால் அந்தக் கேனை பைக்குக்கு ஊற்றிவிடுங்கள்.